பட்டுப்புடவைச் சத்தம்

பாட்டுப் பதிவு என்றால் ஷர்மிளா பழைய வாயில் புடவைதான் கட்டுவாள். கஞ்சி போட்ட புடவை சரசரக்கும், மைக் அதையும் பிடித்துக்கொள்ளும். ஒருமுறை ஒற்றை வளையல் சிணுங்கியதற்காக முழுப் பாட்டையும் திரும்பப் பாட வைத்தார்கள். அன்றிலிருந்து வளையலை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் போவாள். ரொம்ப வருஷம் கழித்து இன்று கூப்பிட்டிருக்கிறார்கள். கை தானாக வாயில் புடவைக்குப் போனது.

"அது வேண்டாம்," என்றார் கணவர் தினகர். "பட்டுதான் கட்டிட்டு வரணுமாம். கை நிறைய கண்ணாடி வளையலும் போட்டுக்கச் சொன்னாங்க."

"எதுக்காம்?"

"பாட்டு ரொம்பச் சுத்தமா இருக்காம். ஆள் நின்னு பாடற மாதிரியே இல்லன்னு கேக்கறவங்க குறைப்படறாங்களாம்."

ஷர்மிளா கல்யாணப் பட்டை எடுத்துக் கட்டிக்கொண்டாள். கண்ணாடி பார்க்கத் தோன்றவில்லை.

ஸ்டுடியோவில் ஒலிப்பதிவாளர் அவளை மைக் முன்னால் நிறுத்தி, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டார். புதுப் பாட்டு ஓடியது. அவள் பாடாத, கம்ப்யூட்டர் பாடிய பாட்டு. குரல் அவளுடையதுதான், பழைய பதிவுகளிலிருந்து எடுத்தது, முப்பது வயதில் இருந்த குரல். தாளத்துக்குத் தகுந்தபடி லேசாக அசைந்தாள். பட்டு சரசரத்தது, வளையல்கள் குலுங்கின. சரணம் வரும் நேரத்தில், பழக்கத்தில், ஆழமாக மூச்சை இழுத்தாள்.

பாட்டு சட்டென்று நின்றது.

"அந்த மூச்சு மட்டும் வேண்டாம்மா," என்றார் ஒலிப்பதிவாளர், மரியாதையாகத்தான். "உங்க மூச்சு ஏற்கெனவே எங்ககிட்ட இருக்கு."