எதிரே ஒரு தம்ளர்

பார்வையற்ற மரகதம் அண்ணனோடு சண்டை போட்டுத் தனி வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. உதவிக்கு வரும் ரெஜினா, சாயங்காலம் வழக்கம்போல் "கெளம்பறேன்க்கா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். இன்று கரண்ட் இல்லை. ஃபேன் இரைச்சல் இல்லாததால்தான், படியில் செருப்புச் சத்தம் இறங்காதது மரகதத்துக்குத் தெரிந்தது. அண்ணன் சொல்லி, தினமும் இப்படித்தான் காவலுக்கு உள்ளேயே நிற்கிறாளோ? புடவை மாற்றப் போன மரகதம் திரும்பி வந்து டீ போட்டாள். ஒரு தம்ளரை எதிர் நாற்காலிப் பக்கம் நகர்த்தினாள்.

"உள்ள இருந்தா குடி ரெஜினா. கோவிச்சுக்க மாட்டேன்."

தன் டீயைக் குடித்து முடித்துவிட்டு அந்தத் தம்ளரை எடுக்கக் கை நீட்டினாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள். தம்ளர் கனமாக இருந்தால் வீட்டில் யாருமில்லை. காலியாக இருந்தால், இந்த ஒரு மாதத்தில் ஒருநாள்கூட அவள் தனியாக இருந்ததில்லை.