எட்டில் ஆரம்பம்

"எட்டு மட்டும் வேணாம்மா. அது சனியோட நம்பர், குடும்பத்துக்கே ஆகாது" என்றார் தட்சிணாமூர்த்தி. மருமகளிடம் அக்கறையாகக் கெஞ்சுவது போலிருந்தது அவர் குரல்.

ஜெயஸ்ரீ கீபோர்டிலிருந்து விரலை எடுக்கவில்லை.

தாம்பரத்தில் அந்த வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்த நாளிலிருந்து, நெட் கிடைக்க எந்தக் கம்ப்யூட்டருக்கு என்ன நம்பர் என்பது மாமனாரின் இலாகா. ரூட்டர் தானாக நம்பர் கொடுப்பதை நிறுத்திவிட்டு, எதிர்வீட்டு எண் ஜோசியர் ஸ்ரீரங்கன் சொல்வதைத்தான் கையால் போடுவார். மாமனாருக்கு மூன்று, மகன் வினோத்குமாருக்கு ஆறு. வினோத்குமார் கம்ப்யூட்டர் வாங்கிய அன்று சாயங்காலமே நம்பர் வந்துவிட்டது.

ஜெயஸ்ரீயின் லேப்டாப்புக்கு மட்டும் மூன்று வாரமாக வரவில்லை. கேட்கும்போதெல்லாம், "ஜோசியர் இன்னும் கணிக்கலைம்மா" என்பார்.

நம்பர் இல்லாமல் இன்டர்நெட் இல்லை. இன்று பதினோரு மணிக்கு அவளுக்கு வேலைக்கான ஆன்லைன் தேர்வு. அதற்கான சாஃப்ட்வேர் அந்த லேப்டாப்பில்தான் இருந்தது. கல்யாணத்துக்காக வேலையை விட்ட பிறகு வந்த முதல் வாய்ப்பு; விட்டால் போச்சு.

மணி பத்தரை. கணவனின் கம்ப்யூட்டரில் ரூட்டரின் பக்கம் திறந்திருந்தது. செல்போனில் தோழி நிகத்.

"ஆட்டோமேட்டிக்ல டிக் பண்ணிட்டியா? இனிமே ரூட்டரே நம்பர் குடுத்துடும். யாரையும் கேக்கவே வேணாம்."

"பண்ணிட்டேன். எந்த நம்பர்லேருந்து ஆரம்பிக்கணும்னு கேக்குதுடி."

"ஆறுக்கு மேல எது வேணா போடு, எட்டுன்னு போடேன்." ஸ்பீக்கரில் வந்த அதைக் கேட்டுத்தான் மாமனார் தடுத்திருந்தார்.

ஜெயஸ்ரீ மாமனாரை நேராகப் பார்த்துக்கொண்டே எட்டைத் தட்டினாள்.

"மூணு வாரம் கேட்டுப் பாத்துட்டேன் மாமா. இனிமே இந்த வீட்டுல யாரும் ஒரு நம்பருக்காகக் கை கட்டி நிக்க வேணாம்."

ரூட்டரின் விளக்கு அணைந்து எரிந்தது. லேப்டாப்புக்கு எட்டாம் நம்பர் வந்தது. கூடவே இன்டர்நெட்டும் வந்தது.

"ஐயோ, எட்டா!" மாமியார் ரமா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "நான் போய் ஸ்ரீரங்கன் சாரைக் கூட்டிட்டு வரேன்."

"அவரை எதுக்கு இப்போ? நான் பாத்துக்கறேன், நீ உள்ள போ!" என்று பதறினார் தட்சிணாமூர்த்தி. ரமா அதற்குள் தெருவைத் தாண்டியிருந்தாள்.

ஐந்தே நிமிடத்தில் ஸ்ரீரங்கன் வந்து நின்றார். ஜெயஸ்ரீக்குக் கோபம் தலைக்கேறியது. இந்த மனிதரால்தானே இத்தனை நாள் அலைச்சல்!

"நீங்க எந்தப் பரிகாரம் சொன்னாலும் மாத்த மாட்டேன் சார். எட்டுலதான் எக்ஸாம் எழுதப் போறேன்."

ஸ்ரீரங்கன் ஒன்றும் புரியாமல் தட்சிணாமூர்த்தியைப் பார்த்தார்.

"மருமகளுக்கு அஞ்சுன்னு மூணு வாரம் முன்னாடியே எழுதிக் குடுத்தேனே சார்!"