எப்போதும் கவனிப்பவர்

‘சாப்பிடும்போது உணவின் ருசியை முழுமையாக உணர்கிறேன்.’

அவர் யோசிக்கவே இல்லை. ‘எப்போதும்’ என்ற கட்டத்தில் டிக் அடித்தார்.

அலுவலகத்தில் மனவிழிப்புப் பயிற்சி நேற்றோடு முடிந்திருந்தது. எவ்வளவு விழிப்பு வந்திருக்கிறது என்று அவரவரே மதிப்பிட்டுத் தர வேண்டும். அதிக மதிப்பெண் பெறுபவர்தான் இனி கிளையின் பயிற்றுநர்.

அந்தப் பயிற்றுநர் தான்தான் என்று அவருக்கு ஏறக்குறைய உறுதியாகிவிட்டது.

இருதயராஜ் வந்து நின்றான். பக்கத்து இருக்கைக்காரன். வெளிவேலை முடிந்து இப்போதுதான் சாப்பிடப் போனவன். கையில் ஒரு டிபன் பாக்ஸ்.

“சார், இது உங்களோடது. என்னோடத நீங்க சாப்பிட்டுட்டீங்க.”

அவர் கழுவிக் கவிழ்த்திருந்த டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். மூடியில் ‘இருதயராஜ்’ என்று பெரிய எழுத்தில் பெயர் வெட்டியிருந்தது.

“ஐயையோ. இத நீங்க சாப்பிடுங்க.”

“அது பரவால்ல சார். இன்னைக்கு என் பொண்ணு சமைச்சது. ஷைனி. மொத தடவை. விடியுறதுக்கு முன்னாடியே எழுந்து, எங்க யாரையும் கிட்ட விடல.” அவன் குரல் தணிந்தது. “எப்படி சார் இருந்துச்சு?”

அவர் வாயைத் திறந்தார்.

ஏதோ மஞ்சளாக இருந்தது.

அல்லது அது நேற்றா?

இருதயராஜின் போன் அடித்தது. மகள்தான். நடந்ததைச் சொன்னான். பிறகு போனை அவரிடமே நீட்டிவிட்டான்.

“அங்கிள், உப்பு சரியா இருந்துச்சா?”

‘பிரமாதம்’ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அந்தக் குரலிடம் அதைச் சொல்ல முடியவில்லை.

“ஞாபகம் இல்லம்மா. மன்னிச்சுக்கோ.”





மறுமுனையில் ஒரு கூச்சல். “அம்மா! உப்பே ஞாபகம் இல்லையாம்! அப்ப ஒரு குறையும் தெரியல! முழுசா சாப்பிட்டுட்டாராம்!”

இருதயராஜின் முகம் மலர்ந்துவிட்டது. அவருக்கு எதிரிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவருடைய டப்பாவைத் திறந்து ஒரு வாய் வைத்தான்.

மெல்வதை நிறுத்தினான்.

“வீட்ல ஏதும் கோபமா சார்?”

“ஏன்?”

“சாம்பார்ல உப்பே இல்லையே.”

அவர் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார்.

உண்மைதான். துளிகூட இல்லை.

இன்றைக்கு மட்டுமா, எப்போதிலிருந்தா?

அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் வீட்டில் இருந்தாள்.

அவர் போனைக் கையில் எடுத்தார். எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.