மூக்கு தப்பிய ஆட்டம்

"அடிச்சு முடிடா! என்ன கோலாட்டமா ஆடுற?"

பக்கத்து நாற்காலியிலிருந்து எமில் போட்ட சத்தத்தில் விஷ்ணுப்ரியாவுக்குக் காது அடைத்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் குத்துச்சண்டை போட்டுவிட்டு, பென்ஷனோடு காரைக்கால் திரும்பிய மனிதர். தருமபுரத்து மண்டபத்தில் கூண்டு கட்டி, குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த எம்.எம்.ஏ. இறுதிப் போட்டி என்றதும், முதல் ஆளாக வந்து முன்வரிசையைப் பிடித்துவிட்டார்.

வந்தவருக்கு வாய்த்ததோ அகரன். கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவான். தொடையில் ஓர் உதை, இடுப்பில் ஒரு பிடி, உடனே விலகல். இதுவரை எல்லா ஆட்டமும் பாயிண்டில் ஜெயித்தவன். இதையும் ஜெயித்தால் புதுச்சேரிப் போட்டிக்குப் போகலாம்.

"நிதானமா ஆடினா தப்பா அங்கிள்? பாயிண்ட்ல ஜெயிச்சாலும் ஜெயிச்சதுதானே?"

"அது ஆபீஸ் உத்தியோகம்மா, சண்டை இல்ல. அவன் உனக்கு யாரு?"

"ரொம்ப வேண்டியவரு."

"அதானே பாத்தேன். மூக்கு உடையாம வரணும்னு வேண்டிக்கிட்டு வந்திருப்ப."

அதைத்தான் வேண்டிக்கொண்டு வந்திருந்தாள். முகத்தில் ஒரு கீறல்கூட விழாமல் இந்த ஆட்டம் முடிந்துவிட்டால் போதும். அவள் கையில் கைக்குட்டை கசங்கிக் கந்தலாகிக்கொண்டிருந்தது.

இரண்டாவது சுற்றில் எமிலுக்கு அழுகையே வந்துவிட்டது. எதிரே ஆடிய நெடுங்காட்டுச் சிவக்குமார் என்றால் ஒரே குத்தில் ஆளைச் சாய்ப்பவன் என்று பேர். அவனும் ஓங்கிய கையை இறக்கிவிட்டு, அகரனின் தொடையையே உதைத்துக்கொண்டிருந்தான்.

"போச்சு! அந்தக் கோழை இவனையும் கெடுத்துட்டான். மூஞ்சி நேரா தெரியுது, விடேன்டா ஒரு குத்து!"

கூட்டம் விசிலடித்தது. "டீ குடிச்சிட்டு வந்து ஆடுங்கடா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

மூன்றாவது சுற்றில் அகரன் சிவக்குமாரைக் கீழே சாய்த்து மேலே ஏறி அமுக்கினான். குத்துவதற்குத் தோதாக மூக்கு நேர் கீழே இருந்தது. விஷ்ணுப்ரியா "ஐயோ!" என்று எழுந்தே விட்டாள்.

"மேல கிடக்குறது உன் ஆளும்மா. நீ ஏன் பதறுற?" என்றார் எமில்.

அகரன் குத்தவில்லை. மணி அடிக்கும்வரை தோளைப் பிடித்துக்கொண்டு சும்மா கிடந்தான். நடுவர்கள் பாயிண்ட் கணக்கில் அவன் கையைத் தூக்கிவிட்டார்கள். விஷ்ணுப்ரியாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

படம் எடுப்பவர்கள் அகரனை வளைத்துக்கொண்டார்கள். தோற்றுப்போன சிவக்குமார் வியர்வையோடு இறங்கி, நேராக விஷ்ணுப்ரியாவிடம் வந்தான். வம்பு வரப்போகிறது என்று எமில் நாற்காலியை நகர்த்திக்கொண்டார்.

"திருப்தியா தங்கச்சி? சத்தியம் பண்ணின மாதிரி மாப்பிள்ளை முகத்துல கை வைக்கல. புதன்கிழமை மணவறையில லட்சணமா உக்காருவாரு. இது மட்டும் அவருக்குத் தெரிய வேணாம், சங்கடப்படுவாரு" என்று கிசுகிசுத்துவிட்டு முகம் கழுவப் போனான்.

அவன் தலை மறைந்ததும் அகரன் ஓடி வந்து அவள் காதருகே குனிந்தான்.

"நீ சத்தியம் வாங்கிட்டியேன்னு உங்க அண்ணன் மூக்கை விட்டுவெச்சேன் விஷ்ணு, மணவறையில உனக்குப் பொரி போட வர்றப்ப முகம் வீங்காம இருக்கும். அவர்கிட்ட மட்டும் மூச்சு விடாதே, மச்சான் ரோஷக்காரரு!"