வெறும் எழுத்து

"கலரும் வேணாம், போட்டாவும் வேணாம். வெறும் எழுத்தா அனுப்பு கண்ணு, அது போதும்" என்றாள் ஜானட்.

நவ்ரீனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ராயபுரம் கப்பல் ஊழியர் குடும்பச் சங்கத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கடலில் இருக்கும் ஆண்களுக்கு ஊர்ச் சேதிகளைத் திரட்டி, சங்கம் வாராவாரம் மின்னஞ்சலில் ஒரு மடல் அனுப்பும். அதைப் பார்த்த முதல் நாளே நவ்ரீனுக்குக் கை பரபரத்தது. காசிமேட்டில் படகுகள் கரை சேரும் படம், புதுசாகப் பிறந்த குழந்தைகளின் முகம், சுற்றிலும் நீலக் கரை என்று மெனக்கெட்டு ஜோடித்து வைத்திருந்தாள். சங்கத்துச் செயலாளர் ஜானட் அதை ஒரே பேச்சில் ஓரங்கட்டிவிட்டாள்.

"இன்னா ஆன்ட்டி, கரன்ட் பில்லு மாறி கீது இது. கலர்ல பாத்தா அவங்களுக்கும் வூட்டு ஞாபகம் வரும்ல?"

"நடுக்கடல்ல நெட்டு இழுத்துகினு கெடக்கும். உன் படம் பாதியில மாட்டிக்கும், சேதி போய்ச் சேராது. வெறும் எழுத்துன்னா சந்து பொந்துல பூந்து போயிடும்."

"அதெல்லாம் அப்போ ஆன்ட்டி. எங்க மாமு கப்பல்லேர்ந்து தெனம் வீடியோவுல பேசிகினு கீறாரு."

ஜானட் வழக்கம்போல் நடந்துகொண்டே அந்த வாரத்து மடலைச் சொல்லத் தொடங்கினாள். நவ்ரீன் தட்டிக்கொண்டே வந்தாள். யார் வீட்டில் குழந்தை பிறந்தது, யார் மகளுக்கு நிச்சயமானது, திருவொற்றியூர்ப் பக்கம் யார் புது வீடு போனார்கள், எல்லாம் வந்தன. கடைசியில் யார் பெயரும் போடாமல் ஒரு சேதி: 'எங்கள் வீட்டில் இன்று நெத்திலிக் குழம்பு. இரண்டு பேருக்கு வைத்தேன்.'

அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் இறங்கிவிடும். அது யாருக்கு என்று சங்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அவள் கணவர் ராசையா கப்பலில் சமையல்காரர். போய் மூன்று வருஷமாகிறது. முதல் வருஷம் போன் வந்துகொண்டிருந்தது, பிறகு அதுவும் நின்றுபோனது. எந்தக் கப்பல் என்று யாராவது கேட்டால், "வெளிநாட்டுக் கம்பெனி, கப்பல் மாறிகினே இருப்பாரு" என்பாள். அவர் முகவரிக்கும் வாரம் தவறாமல் மடல் போகும். பதில் மட்டும் வந்ததில்லை. அந்த மனுஷர் வீட்டுப் படியேறி வர வேண்டும், அதைவிட அவளுக்கு வேறு ஆசை கிடையாது.

"அவரு இதப் படிக்கிறாரா இல்லியான்னு தெரிஞ்சிக்க வேணாமா ஆன்ட்டி?" என்றாள் நவ்ரீன் மெதுவாக. "படம் வச்சு அனுப்புனா, உள்ள கண்ணுக்குத் தெரியாம பொட்டு மாறி இன்னொரு படத்தையும் ஒளிச்சு வச்சிடலாம். அவரு மெயிலத் தொறந்தா அது நமக்குச் சொல்லிடும். எந்த ஊர்லேர்ந்து தொறந்தாருன்னும் சொல்லிடும். வெறும் எழுத்துல அது முடியாது."

ஜானட்டின் முகம் சட்டென்று மலர்ந்தது. மலர்ந்த வேகத்திலேயே இறுகியும் போனது.

"வேணாம்னா வேணாம். பேஜாரு பண்ணாத" என்று கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நவ்ரீனுக்குத்தான் மனசு கேட்கவில்லை. படிக்கவே இல்லை என்று தெரிந்துவிடுமோ என்று ஆன்ட்டி பயப்படுகிறாள், படிக்கிறார் என்று தெரிந்தால் எவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று அவளே முடிவுகட்டிக்கொண்டாள். நல்லது செய்யக் கிளம்பிவிட்ட இளசுகளுக்கு யாரைக் கேட்கப் பொறுமை இருக்கிறது? படங்களைக் கோத்தாள், நீலக் கரை போட்டாள், உள்ளே அந்தப் பொட்டுப் படத்தையும் ஒளித்து வைத்து எல்லாருக்கும் அனுப்பிவிட்டாள்.

திங்கட்கிழமை ஜானட் உள்ளே வந்ததும் வராததுமாக, "ஆன்ட்டி, திட்டாதீங்க. கலர்லதான் அனுப்பிச்சேன்" என்றாள்.

ஜானட் திட்டவில்லை. தோளில் மாட்டிய பையோடு அப்படியே நின்றாள். கேட்கக்கூடாது என்று நினைத்ததைக் கேட்டுவிட்டவள்போல, "தொறந்தாரா?" என்றாள்.

"தொறந்தாரு ஆன்ட்டி! அனுப்பிச்ச ஒடனே தொறந்தாரு. அப்பாலயும் திருப்பித் திருப்பித் தொறந்து பாத்துகினே இருந்திருக்காரு."

ஜானட் நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "நெத்திலின்னா உசுரு அவருக்கு. முள்ளோட துன்னுவாரு" என்றாள். அவள் இப்படிச் சிரித்து நவ்ரீன் பார்த்ததே இல்லை.

"இருங்க ஆன்ட்டி, எந்தக் கடல்ல கீறாருன்னு பாத்துடலாம்."

"படிச்சாருல்ல, அது போதும் கண்ணு. மூடிடு."

அதற்குள் நவ்ரீனின் விரல் அழுத்திவிட்டது. ராசையா என்ற பெயருக்கு நேராக ஊர்ப்பெயர் வந்து நின்றது. சென்னை.

கம்ப்யூட்டர் தப்பாகக் காட்டுகிறது என்று சொல்ல வாயெடுத்தவள், ஜானட்டின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அந்த முகத்தில் கொஞ்சமும் அதிர்ச்சி இல்லை.

"போன வருசமே தண்டையார்பேட்ட பஸ்ல பாத்தேன் கண்ணு, வேற ஒருத்தியோட, தோள்ல ஒரு கொழந்தையோட" என்றாள் ஜானட். "அடுத்த வாரத்துலேர்ந்து வெறும் எழுத்தாவே அனுப்பு. கடல்ல கீறவருன்னா என்னிக்காவது எறங்கி வூட்டுக்கு வருவாரு. சென்னையிலயே கீறவரு எங்கேர்ந்து வருவாரு?"