மணலில் ஒரு சுற்று

செர்ரி மரங்கள் பூத்திருந்த மாதம். அந்த ஜப்பானியக் கோயில் தோட்டத்தில் வெள்ளை மணலை அலை அலையாகச் சீவி, நடுவே ஒரு கல்லை நிறுத்தியிருந்தார்கள். சுற்றுலாக் குழு மரத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. திருமலைச்சாமி மட்டும் கைகூப்பியபடி மணலில் இறங்கி, கல்லை ஒரு முறை வலம் வந்து, அடுத்த சுற்றையும் ஆரம்பித்துவிட்டார். அடிக்கு அடி பாதம் ஆழப் பதிந்தது.

"சார், அதை மிதிக்கக் கூடாது!" என்று டூர் மேனேஜர் கத்தினான். அவர் அப்படியே நின்றுவிட்டார். ஓடிவந்த துறவியிடம் மேனேஜர் இடுப்பு வளையக் குனிந்து மன்னிப்புக் கேட்டான். பிறகு குழுவைப் பார்த்துத் திரும்பினான். பயணத்தின் முதல் நாள். அவனுக்கு இன்னும் யாரையும் சரியாகத் தெரியாது.

"இவர் கூட வந்தது யாருங்க?"

அவர் மனைவி பங்கஜவல்லி பேசாமல் இருந்தாள்.

"நம்ம மானத்தை வாங்கறதுக்குன்னே விமானம் ஏறி வந்திருக்காரு" என்றார் பின்னால் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

மணல் நடுவிலிருந்து அவர் அவளைக் கண்ணால் தேடிப் பிடித்தார்.

"வல்லி, நீ இறங்கிடாதே. மிதிக்கக் கூடாதாம். உனக்கும் சேர்த்து நானே சுத்திட்டேன்."

மற்றவர்களின் சிரிப்பு நின்றது. அவள் முகத்தில் மட்டும் அது போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.