பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்கு

பேட்டரி கடையில் வளர்மதியை ஒரு ஸ்டூலில் தூக்கி உட்கார வைத்திருந்தார்கள். அவளுடைய சக்கர நாற்காலியில் புது பேட்டரிகள் இரண்டையும் மாட்டிவிட்டு, கடைக்காரர் சுவிட்சைப் போட்டார். விளக்குகூட எரியவில்லை.

"மோட்டார் போயிருச்சு சார்," என்றார், பக்கத்தில் நின்ற அவள் தம்பி எழிலனிடம்.

"மோட்டார் நல்லாத்தான் இருக்குண்ணே," என்றாள் வளர்மதி. "பிளஸ்ஸையும் பிளஸ்ஸையும் சேத்துட்டீங்க. அப்படிக் குடுத்தா பன்னெண்டு வோல்ட்தான் வரும். இதுக்கு இருபத்துநாலு வேணும். ஒண்ணோட பிளஸ்ல இருந்து அடுத்ததோட மைனஸுக்கு ஒயர் போடுங்க."

"அக்கா ஏதாவது குடிக்கிறாங்களா சார்? டீ சொல்லவா?" என்று கடைக்காரர் எழிலனைக் கேட்டார்.

ஆறு வருடமாக அவள் ஓட்டும் நாற்காலி அது. பதினோரு மணிக்குப் புது வேலையில் சேர வேண்டும். இன்னும் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். கடைக்காரர் மோட்டாரைக் கழற்ற ஸ்பேனரை எடுத்தார். அவள் தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ சொல்லு."

எழிலன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "பிளஸ்ல இருந்து மைனஸுக்கு ஒயர் போட்டுப் பாருங்களேன்."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே சார்," என்றபடி அவர் ஒயரை மாற்றினார். பச்சை விளக்கு எரிந்தது.

எழிலன் அவளை நாற்காலியில் உட்கார வைத்தான். "அண்ணனுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லுக்கா," என்றான், கடைக்காரரைக் காட்டி.

வளர்மதி நாற்காலிக் கையிலிருந்த விசையை முன்னால் தள்ளினாள். அவன் கூப்பிடக் கூப்பிட, பஸ்கள் போகும் சாலையில் இறங்கியும் அவள் நிறுத்தவில்லை.